புதன்கிழமைப் பாடம்

எங்கள் பள்ளியில் ஒருவர் எந்த ஸ்வரத்தைப் பாடுகிறாரோ, அந்த ஸ்வரத்தின் உயரத்தில்தான் இருப்பார். ஸ என்பது தரை. ரி தரையிலிருந்து ஒரு சாண். ரியிலிருந்து க மூன்று சாண். இப்படியே சின்னப் படியும் பெரிய படியுமாகப் போய், மேல் ஸ வரும்போது பன்னிரண்டு சாண் ஆகிவிடும். அதனால் பாட்டு வகுப்பு நடக்கும்போது மின்விசிறியைப் போட மாட்டோம். ஏப்ரல் மாதத்தில் அது ஒன்றுதான் கஷ்டம்.

பாட்டு அறை மாடியில் இருக்கிறது. ஓட்டுக் கூரை, நல்ல உயரம். முன்பு கீழே இருக்கும் அறையில்தான் வகுப்பு நடந்ததாம். த வந்ததும் பிள்ளைகள் தலையை இடித்துக்கொண்டதால் மாடிக்கு மாற்றினார்கள். மாடியிலும் ஒரு சங்கடம் உண்டு. எட்டாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடைகிற வயசு. ஒழுங்காகப் பாடிக்கொண்டிருக்கும் பையன் சொல்லாமல் கொள்ளாமல் கீழ் ஸ்தாயிக்குப் போய்விடுவான். போனால் தரையைத் தாண்டி நேரே இரண்டாம் வகுப்பில் போய் நிற்பான். இரண்டாம் வகுப்பு டீச்சர் அவன் கையில் ஒரு சிலேட்டைக் கொடுத்து மணி அடிக்கும் வரை உட்கார வைத்திருப்பார். இந்த வருடம் நாலு பேர் அப்படிப் போய்விட்டு வந்தார்கள். அது அவர்கள் குற்றமில்லை.

நான் பகுதி நேர ஆசிரியை. திங்கள், புதன், வெள்ளி பிற்பகலில் மட்டும் வருவேன். மற்ற நாட்களில் வேறொரு ஊரில் வேறொரு பள்ளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அத்தனை பேருக்கும் நான் ஒருத்திதான் பாட்டு டீச்சர். வகுப்பாசிரியர்களுக்கு வருகைப் பதிவேடு உண்டு, எனக்குக் கிடையாது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது எனக்குத் தெரிய வேண்டியதில்லை என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருக்கிறார்கள். நானும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. நினைத்திருக்க வேண்டும்.

ஆறாம் வகுப்புக்கு வந்தால்தான் மேல் ஸ வரை அனுமதி. அதை மூன்று நாளாகப் பிரித்து நடத்துவேன். திங்கட்கிழமை ஏறுவது. புதன்கிழமை இறங்குவது. வெள்ளிக்கிழமை ஒவ்வொருவராகத் தனியே ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். ஒரே நாளில் ஏறவும் இறங்கவும் சொல்லிக்கொடுக்க நாற்பது நிமிடம் போதாது. திங்கட்கிழமை எல்லோரும் சேர்ந்து ஏறுவதால் பயமில்லை. நானும் கூடவே ஏறி, நான் இறங்கும்போது மொத்த வகுப்பும் என்னோடு இறங்கிவிடும். கூட்டமாக ஏறியவர்களைக் கூட்டம் இறக்கிவிடும். தனியாக ஏறியவர் தனியாகத்தான் இறங்கியாக வேண்டும். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கை நீளும், ஆள் இறங்க மாட்டார்.

இதற்கெல்லாம் அடிப்படை மின்சாரத்தில் ஓடும் சுருதிப் பெட்டி. அது ஒலித்துக்கொண்டிருக்கும் வரை, மேலே இருப்பவர் பாட்டை நிறுத்தி மூச்சு வாங்கினாலும் எச்சில் விழுங்கினாலும் அதே உயரத்தில் நிற்பார். பெட்டி நின்றுவிட்டால் தரையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. மேலே இருப்பவருக்கு, தான் எதற்கு மேலே இருக்கிறோம் என்பது இல்லாமல் போய்விடும். நான் செவ்வாய்க்கிழமை போகிற பள்ளியில் ஒரு பையனுக்கு அப்படி ஆகியிருக்கிறது. அவன் பெயரை இன்னும் பதிவேட்டில் வைத்திருக்கிறார்கள். அவன் அம்மா மாதம் ஒருமுறை வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

அந்த வெள்ளிக்கிழமை கூரையில் மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது. கரும்பலகைக்கு முன்னால், உத்தரத்துக்குப் பக்கத்தில், ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓடுகளை எடுத்திருந்தார்கள். அதன் வழியாக வானம் தெரிந்தது. மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை மின்சாரம் இருக்காது என்றும் பேப்பரில் போட்டிருந்தார்கள். இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டே கால் மணிக்குள் ஆறாம் வகுப்பின் சோதனையை முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

வழக்கம்போல முதலில் கேட்டேன்.

“எல்லாருக்கும் ஏறவும் இறங்கவும் தெரியுமா?”

“தெரியும் டீச்சர்” என்று வகுப்பு மொத்தமும் ராகம் போட்டுச் சொன்னது.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் ‘தெரியும் டீச்சர்’ எதனால் ஆனது என்று தெரியும். முன் வரிசை சொல்லும், பின் வரிசை அதைப் பிடித்துக்கொள்ளும். தெரியாது என்று தனியாகச் சொல்லும் தைரியம் பதினோரு வயதில் யாருக்கும் இருக்காது. எனக்கும் இருந்ததில்லை. ஆனாலும் நான் பன்னிரண்டு வருடமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவர்களும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சோதனை ஒழுங்காகத்தான் போனது. ஒருவன் கவில் இருமினான். ஒருத்தி மேல் ஸவில் நின்று வெளியே ஐஸ் வண்டி போவதைப் பார்த்துவிட்டு இறங்கினாள். எல்லாம் சேர்ந்து நான் நினைத்ததைவிட நேரமாகிவிட்டது. இரண்டு இருபதுக்கு இசக்கியம்மாள் வந்தாள்.

இசக்கியம்மாள் மெலிந்த பெண். வகுப்பில் அதிகம் பேச மாட்டாள். ஆனால் அவள் பாடி ஏறியதைப் பார்த்தபோது கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். ஒவ்வொரு படியிலும் அசையாமல் நின்று, அடுத்த படிக்கு அப்படியே போனாள். த-விலிருந்து நி மூன்று சாண். பெரும்பாலான பிள்ளைகள் அங்கே ஒரு சாண் குறைவாகப் போய்த் தடுமாறுவார்கள். இவள் சரியாகப் போனாள். மேல் ஸவில் போய் நின்றாள். அவள் தலைக்கு நேர் மேலே அந்த ஓடில்லாத இடம்.

“சரி, இறங்கு” என்றேன்.

அவள் இறங்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“புதங்கிழம நா வரல டீச்சர்” என்றாள்.

“ஏன் வரல?”

“எங்க தெருவுக்குத் தண்ணி வார நாளு.”

கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. தெரியும் டீச்சர் என்று சொன்ன வாயோடு இவள் வாயும் சேர்ந்துதான் இருந்திருக்கும். ஆனால் கேட்ட வாய் என்னுடையது. ஏறத் தெரிந்த, இறங்கத் தெரியாத பிள்ளையைத் தனியாக ஏற்றிவிட்டேன். மணி இரண்டு இருபத்து மூன்று.

நானும் பாடி ஏறினேன். எனக்கு ஐம்பது வயது, மேல் ஸவில் முழங்கால் வலிக்கும். அவள் பக்கத்தில் போய் நின்று சொல்லிக்கொடுத்தேன். இங்கிருந்து நி ஒரு சாண்தான் இசக்கி, ஒன்றுமே இல்லை, ஒரு படி. பிறகு த பெரிய படி, மூன்று சாண். அங்கே மட்டும் பயப்படாமல் விட்டுவிடு. பிறகு ப, ம, க, ரி, ஸ. நான் பாடிக் காட்டி நிக்கு இறங்கினேன். திரும்ப மேலே வந்தேன். நாலு முறை ஏறி இறங்கினேன். அவள் கவனமாகக் கேட்டாள். கேட்டதைச் சொல்லச் சொன்னால் வரிசை தப்பாமல் சொன்னாள். பாடச் சொன்னபோது வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து வந்தது மேல் ரி.

அவள் ஒரு சாண் மேலே போனாள். அவள் தலை கூரைக்கு வெளியே போய்விட்டது.

பயந்த பிள்ளைக்குத் தெரிந்ததுதான் வரும். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஸவுக்கு அடுத்தது ரி, ரிக்கு அடுத்தது க. அடுத்தது மேல் க என்றால் மூன்று சாண். மார்பு வரை வெளியே போய்விடுவாள். அங்கே காற்று அடிக்கும். சுருதிப் பெட்டி காதில் சரியாக விழாது. விழாவிட்டால் அதற்கு அடுத்ததும் வரும், அதற்கு அடுத்ததும் வரும். அதற்கு மேல் கூரை கிடையாது.

“வாயத் தொறக்காத” என்று அவளிடம் சொன்னேன். அவள் இரண்டு கையாலும் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு உதட்டை மடித்துக்கொண்டாள். நான் இறங்கி வந்து ஒரு பையனைத் தலைமையாசிரியரிடம் அனுப்பினேன்.

தலைமையாசிரியர் தேவசகாயம் சார் நிதானமான மனிதர். மாடிப்படி ஏறி வந்து, மேலே பார்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி பார்த்தார்.

“இன்னிக்கி அட்டனன்ஸ் போட்டாச்சா இந்தப் பிள்ளைக்கு?”

“காலைலயே போட்டிருப்பாங்க சார்.”

“அப்ப தல மட்டுந்தான வெளிய இருக்கு. பரவால்ல. கூரையத் தாண்டி இடுப்புக்கு மேல போச்சுன்னா பள்ளிக்கூட எல்லை முடிஞ்சிரும் டீச்சர். அதுக்கப்புறம் நம்ம பிள்ளன்னு நாம சொல்ல முடியாது.”

“தெரியும் சார்.”

“அம்மாவுக்குச் சொல்லி விடுதேன்” என்றார். படியில் இறங்கும்போது திரும்பி, “கரண்டு மூணு மணிக்குல்லா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பெட்டியில் பேட்டரி போடும் இடம் ஒன்று இருக்கிறது. மூடியைத் திறந்து பார்த்தேன். அதில் யாரோ துண்டு சாக்பீஸ்களைப் போட்டு வைத்திருந்தார்கள். வண்ணச் சாக்பீஸ்கள். கடைக்கு ஆள் அனுப்பினேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில்தான் கடை, போய்வர அரை மணி. மணி இரண்டு ஐம்பது. அந்தப் பத்து நிமிடத்தை எப்படிக் கழித்தேன் என்று கேட்டால், ஆறாம் வகுப்புக்கு ஸ பாடச் சொல்லிக்கொடுத்தேன். வேறெதுவும் இல்லை. வெறும் ஸ.

இடது வரிசை பாடும்போது வலது வரிசை மூச்சு வாங்க வேண்டும். வலது வரிசை பாடும்போது இடது வரிசை. நடுவில் ஒரு கணம்கூட விழக் கூடாது. யாரும் இருமக் கூடாது. சிரிப்பு வந்தால் வாயை மூடிக்கொண்டு மூக்கால் பாட வேண்டும். பிள்ளைகள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மேலே தொங்கும் இரண்டு கால்களை அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வலது காலில் கொலுசு இல்லை.

மூன்று மணிக்குச் சரியாக மின்சாரம் போனது. பெட்டி நிற்பதற்கு முன்பே இடது வரிசை பிடித்துக்கொண்டது.

முதல் ஐந்து நிமிடம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பிள்ளைகளுக்கு எப்போதும் வருகிற வியாதி வந்தது. நீட்டிப் பாடினால் சுருதி இறங்கும். இவர்கள் ஸ இறங்க இறங்க அறையின் தரையும் இறங்கியது. ஒரு விரல், இரண்டு விரல். கீழேயிருந்து இரண்டாம் வகுப்பு டீச்சரின் குரல் வந்தது.

“மட்டப்பா தலையில இடிக்கி டீச்சர். கொஞ்சம் தூக்குங்க.”

இசக்கி வாயைத் திறக்காததால் பழைய சுருதியிலேயே நின்றாள். தரை அவளை விட்டு விலகிக்கொண்டிருந்தது. ஒரு சாண் விலகினால் அவள் நிற்கும் இடம் ரி ஆக இருக்காது. எந்த ஸ்வரமாகவும் இருக்கும் என்று சொல்ல முடியாது. நான் வரிசைகளுக்கு நடுவே நின்று பிள்ளைகளோடு சேர்ந்து ஸ பாடினேன். என் குரலைப் பிடித்துக்கொண்டு அவர்கள் ஏறினார்கள். தரை ஏறியது. அப்போதிலிருந்து என்னால் நிறுத்த முடியாமல் போனது. சுருதியை நான் தாங்கினால் இசக்கிக்கு யார் சொல்லிக்கொடுப்பது? இசக்கிக்குச் சொல்லிக்கொடுக்கப் போனால் தரையை யார் தாங்குவது? இரண்டுக்கும் நான் ஒருத்திதான். அழுகை வந்தது. அழுதால் சுருதி போய்விடும் என்பதால் அழவில்லை.

மூன்றே காலுக்கு இசக்கியின் அம்மா வந்தார். பெயர் பேச்சித்தாய். பீடி சுற்றுகிறவர், விரல் நுனிகள் பழுப்பாக இருந்தன. வாசலில் செருப்பைக் கழற்றினார். மகளின் கால்களைப் பார்த்தார். கொலுசு இல்லாத காலைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். நான் ஸவை நீட்டிக்கொண்டே கையால் மேலே காட்டி, கீழே காட்டி, இல்லை என்று விரலை ஆட்டினேன். அவருக்குப் புரிந்தது.

“ஏற மட்டுந்தான் தெரியும். எறங்கத் தெரியாது” என்றார். “எனக்கும் அப்பிடித்தான் டீச்சர். நான் ஆறாப்பு இங்கனதான் படிச்சேன். அப்பவும் எங்க தெருவுக்குப் புதங்கிழமதான் தண்ணி.”

வகுப்பு ஸ பாடிக்கொண்டிருந்தது.

“ஆறாப்போட நிப்பாட்டிட்டாவ. அதுக்கப்புறம் நா பாடினதே இல்ல. இவளத் தொட்டில்ல போட்டப்பக்கூட வெறுமனதான் ஆட்டுனேன். ஏறிட்டா எறங்கத் தெரியாதுல்லா.”

அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. தண்ணீர் வரும் நாளைச் சொல்வது போலத்தான் சொன்னார். என் சுருதி ஒரு நூல் இறங்கியது. கீழே இரண்டாம் வகுப்பில் யாரோ ‘ஆத்தா’ என்றார்கள்.

பேச்சித்தாய் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். மேலே அந்த இடைவெளியைப் பார்த்து ஏதோ அளவெடுத்தார்.

“மேல எடம் இருக்கப் போய்த்தான அவ மேல போறா” என்றார். “சுருதி இதான?”

நான் தலையாட்டினேன்.

அவர் பாட ஆரம்பித்தார். முப்பது வருடம் பாடாத குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு தப்பு. ஸவும் ரியும் கொஞ்சம் கரகரத்தன. கவில் குரல் தெளிந்தது. பிறகு ஒவ்வொரு படியாக, அவசரம் இல்லாமல், மகள் ஏறியது போலவே ஏறினார். மேல் ஸ வந்தது, நிற்கவில்லை. மேல் ரியில் மகளின் பக்கத்தில் ஒரு கணம் நின்று அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். பிறகு மேல் க. மேல் ம. மேல் ப. மேல் ப எனக்கே எட்டாது. நான் பட்டம் வாங்கிய காலத்திலும் எட்டியதில்லை. அவர் அங்கே போய் உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் ஓட்டு இடைவெளி அடைபட்டுவிட்டது. அவர் இடுப்பு அதில் கச்சிதமாகப் பொருந்தியது. கால்கள் இரண்டும் அறைக்குள் தொங்கின. அந்தக் கால்களுக்கு நடுவே, தலை பின்னிக்கொள்ள உட்காருகிற மாதிரி, தலையைக் குனிந்து உள்ளே இழுத்துக்கொண்டு இசக்கி நின்றாள். அறைக்குள் இருட்டியது.

“மேல எடம் இல்லட்டி” என்று கூரைக்கு வெளியேயிருந்து குரல் வந்தது. “கீழ போ.”

இசக்கி ஒருமுறை மேலே போகப் பார்த்தாள். தலை இடித்தது. அவள் என்னைப் பார்த்தாள். என்னால் பேச முடியாது. கையை மட்டும் நீட்டி, உள்ளங்கையைக் கீழ் நோக்கி வைத்து, ஒரு சாண் இறக்கிக் காட்டினேன்.

அவள் மேல் ஸ பாடினாள். ஒரு சாண் இறங்கினாள்.

கையை இன்னும் ஒரு சாண் இறக்கினேன். நி. கால்கள் இறங்கின.

அடுத்தது த. மூன்று சாண். இந்தப் படியில்தான் பிள்ளைகள் பிழை செய்வார்கள். முழுதாக விடாமல் பாதியில் நின்றுவிடுவார்கள். இந்த ராகத்தில் பாதியில் ஸ்வரம் கிடையாது; அங்கே நிற்க இடமே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒருவன் அப்படி நின்றுவிட, மூன்று நாள் கழித்து அவனைப் பதிவேடுகள் வைக்கும் அறையில் அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்தோம். இசக்கி மூச்சு வாங்கினாள். இடது வரிசை களைத்துப்போய் வலது வரிசை பிடிக்கும் நேரம். வலது வரிசை ஒரு கணம் பிந்தியது. அந்தக் கணத்தில் அறையில் என் குரல் மட்டும் இருந்தது. என் மூச்சும் முடியப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. கையை மூன்று சாண் கீழே இறக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“விட்டுரு” என்று மேலேயிருந்து அம்மா சொன்னார்.

அவள் விட்டுவிட்டாள். த அப்படியே சுத்தமாக வந்தது. வலது வரிசை பிடித்துக்கொண்டது. நான் மூச்சு வாங்கினேன்.

ப. ம. க. அதற்குப் பிறகு கால்களைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பாடுகிற உயரத்துக்கு வந்துவிட்டாள். ரியில் நின்று அவள் தரையைப் பார்த்தாள். ஒரு சாண்தான். தாண்டிக் குதித்துவிடலாம் போல இருக்கும். குதிக்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் குதிக்கவில்லை. ஸ பாடினாள். எங்களோடு சேர்ந்துகொண்டாள்.

யாரும் கைதட்டவில்லை. தட்ட முடியாது, எல்லோரும் ஸ பாடிக்கொண்டிருந்தோம். அம்மா மேலே இருந்தார்.

பேட்டரி வாங்கப் போனவன் வந்தான். அளவு தப்பாக இருந்தது. நாலு பத்துக்கு நெடுமணி அடித்தது. மற்ற வகுப்புகள் போயின. ஆறாம் வகுப்பு போகவில்லை. பெற்றோர்கள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கும் முறை வரும்போது ஒரு வாய் தண்ணீர் கொடுத்தார்கள். ஐந்து மணிக்கு மின்சாரம் வந்தது. பெட்டியைப் போட்டு, அதே ஐந்து கட்டைச் சுருதியில் வைத்து, காதைக் கொடுத்துக் கேட்டு, பிறகுதான் பிள்ளைகளை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தியதும் பாதிப் பேர் அப்படியே பெஞ்சில் படுத்துவிட்டார்கள்.

நான் மேல் ஸ வரை ஏறி, கூரைக்கு உள்ளேயிருந்து பேச்சித்தாயிடம் சொன்னேன்.

“நீங்களும் கத்துக்கிடலாம். அர மணி நேரம் ஆகும். இப்பவே சொல்லித் தாரேன்.”

“உங்களுக்கு நேரம் முடிஞ்சிருச்சே டீச்சர்” என்றார். “திங்கக்கிழம பாத்துக்கிடலாம். எங்க வீட்டுல பீடித் தட்டு இருக்கும். அத மட்டும் குடுத்து விடச் சொல்லுங்க. இங்க வெளிச்சம் நல்லா இருக்கு.”

இசக்கிதான் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இலை, தூள், கத்தரி, நூல் எல்லாம் இருந்தது. ஏறி, பக்கத்து ஓடு ஒன்றை விலக்கி மேலே நீட்டிக் கொடுத்துவிட்டு, இறங்கி வந்தாள். தலைமையாசிரியர் வந்து பார்த்தார். இடுப்புக்கு மேல் வெளியே இருப்பதால் பள்ளிக்குச் சம்பந்தமில்லை என்றும், இடுப்புக்குக் கீழ் உள்ளே இருப்பதால் இருக்கலாம் என்றும் சொன்னார். சுருதிப் பெட்டியின் மேல் ‘அணைக்க வேண்டாம்’ என்று எழுதி ஒட்டினோம். சரியான பேட்டரியை நானே வாங்கிப் போட்டுவிட்டுப் பேருந்து ஏறினேன். பேருந்து திருப்பத்தில் திரும்பும்போது பள்ளியின் கூரை தெரியும். அவர் இலை வெட்டிக்கொண்டிருந்தார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பிள்ளையை இறக்க ஒரு தாயை மேலே ஏற்றியவள் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அவர் பாடிய மேல் ப காதை விட்டுப் போகவும் இல்லை. உண்மையைச் சொன்னால் அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

திங்கட்கிழமை போனபோது கூரை வேலை முடிந்திருந்தது. கொத்தனார் பேச்சித்தாயைச் சுற்றி ஓடுகளை வெட்டி, ஒழுகாமல் இருக்கச் சுண்ணாம்பு பூசியிருந்தார். பக்கத்தில் ஒரு கண்ணாடி ஓட்டைத் தள்ளித் திறக்கிற மாதிரி வைத்திருந்தார். மழைக்கு ஒரு குடையும் கொடுத்திருந்தார்கள். அறைக்குள் இரண்டு கால்கள் தொங்கின. மேல் ப எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு இனி நான் கையால் காட்ட வேண்டியதில்லை. திங்கட்கிழமை நேரம் போதவில்லை, ஏழாம் வகுப்புக்கு ஏறும் பாடம் மறந்து போயிருந்தது.

புதன்கிழமை இறங்கும் பாடத்தை மறுபடி நடத்தினேன். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, அந்தக் கால்களைப் பார்த்து நின்று நடத்தினேன். கண்ணாடி ஓட்டைத் திறந்து வைத்தோம். ஸ நி த ப ம க ரி ஸ. பத்து முறை. ஒவ்வொரு படிக்கும் எத்தனை சாண் என்று தனித்தனியாகச் சொன்னேன். எந்தப் படியில் பயம் வரும், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னேன். மேலே கத்தரிச் சத்தம் நின்றிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தார்.

“புரிஞ்சுதா?” என்று கேட்டேன்.

“தெரியும் டீச்சர்” என்றார்.

பிறகு அவர் பாடினார். மேல் த. கால்கள் ஒரு சாண் மேலே போயின. கத்தரிச் சத்தம் மறுபடி கேட்டது.

இசக்கி அன்றைக்கு வரவில்லை, தண்ணீர் வருகிற நாள். வெள்ளிக்கிழமை வந்தாள். மதியம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, கண்ணாடி ஓட்டைத் தள்ளித் திறந்து, மேல் ப வரை ஏறினாள். எட்டவில்லை. இன்னும் ஒரு சாண் ஏறிக் கொடுத்தாள். அம்மா சாப்பிட்டு முடிக்கும் வரை அங்கேயே நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பிறகு காலி வாளியோடு ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, கையைக் கழுவிக்கொண்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.